ஐபீஸில் கூர்மை, கேமராவில் மங்கல்: 130 மி.மீ நியூட்டோனியனில் கேனான் 600டி ஃபோகஸ் ஆகவில்லை

விண்தேடி:

வணக்கம். என்னிடம் 130 மி.மீ விட்டமும் 650 மி.மீ குவியத்தூரமும் உள்ள நியூட்டோனியன் டெலஸ்கோப் இருக்கிறது. அதைத் தாங்கித் திருப்ப ஈக்யூ2 மவுண்ட், வானம் நகரும் திசையில் திருப்பும் ஆர்.ஏ. அச்சில் மட்டும் ஒரு சின்ன மோட்டார். ஓராண்டாக ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வழியே பார்த்துவருகிறேன். சனியின் வளையம், வியாழனின் நான்கு நிலவுகள், நம் நிலவின் பள்ளங்கள் எல்லாம் கூர்மையாகவே தெரிகின்றன.

போன மாதம் ஓரியன் நெபுலாவை என் மகளுக்குக் காட்டினேன். "சாம்பல் புகை மாதிரி இருக்கே, படத்துல சிவப்பா இருந்துச்சே" என்றாள். நம் கண்ணுக்கு மங்கிய ஒளியில் நிறம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும் என்று விளக்கினேன். நானே எடுத்துக் காட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மூன்று இரவுகள் முயன்றாகிவிட்டது.

என்னிடம் உள்ள கேமரா கேனான் 600டி. டி-ரிங்கும் (கேமராவில் பூட்டும் இணைப்பு வளையம்), அதை ஃபோகஸரில் (ஐபீஸைச் செருகி உள்ளும் வெளியும் நகர்த்தும் பகுதி) செருக 1.25 அங்குலக் குழாயும் வாங்கினேன். லென்ஸைக் கழற்றிவிட்டு மாட்டினால் நட்சத்திரங்கள் நடுவில் ஓட்டை உள்ள வட்டங்களாகத் தெரிகின்றன. ஃபோகஸரை உள்ளே தள்ளத் தள்ள அந்த வட்டம் சிறுத்துக்கொண்டே வருகிறது. ஆனால் புள்ளியாவதற்குள் ஃபோகஸர் முட்டி நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் சரியாகிவிடும், போக இடம்தான் இல்லை.

குவியத்தூரத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸை இடையில் வைத்தால் ஃபோகஸ் வந்துவிடுகிறது. ஆனால் 30 விநாடி திறந்து வைத்தாலே எல்லா நட்சத்திரங்களும் சிறு கோடுகளாகிவிடுகின்றன. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித்தான் வைத்திருந்தேன்.

டெலஸ்கோப்பில் ஏதாவது பழுதா? அல்லது இந்தச் சாதனத்தால் முடியாத காரியத்தைக் கேட்கிறேனா?

அச்சாணி:

டெலஸ்கோப்பில் பழுது எதுவும் இல்லை. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஒன்று தூரம் சம்பந்தப்பட்டது, இன்னொன்று மவுண்ட் சம்பந்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் பல இரவுகள் வீணாகும்.

முதலில் ஃபோகஸ். நியூட்டோனியனில் முதன்மைக் கண்ணாடியிலிருந்து வரும் ஒளி ஒரு கூம்பு போலக் குறுகி, இரண்டாம் கண்ணாடியில் திரும்பி, ஃபோகஸர் வழியாக வெளியே வந்து ஓரிடத்தில் குவிகிறது. ஐபீஸில் பார்ப்பதற்காக வடிவமைத்தவர்கள் அந்த இடத்தைக் குழாயின் சுவருக்கு அருகிலேயே வைத்திருப்பார்கள். இரண்டாம் கண்ணாடியைச் சிறியதாக வைத்துக்கொள்ள அது உதவும். ஆனால் கேமராவின் சென்சார் அவ்வளவு அருகில் வர முடியாது. கேனான் ஈஎஃப் மவுண்டில் லென்ஸ் பூட்டும் விளிம்பிலிருந்து சென்சார் 44 மி.மீ உள்ளே இருக்கிறது. டி-ரிங்கின் தடிமன் 11 மி.மீ. இரண்டும் சேர்ந்து 55 மி.மீ. நீங்கள் செருகும் குழாயின் விளிம்புத் தடிமனும் இதோடு கூடும். அதாவது ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளிய நிலையிலும் அதன் வாயிலிருந்து 55 மி.மீக்கு மேல் வெளியே ஒளி குவிந்தால்தான் உங்களுக்குப் படம்.

எவ்வளவு குறைகிறது என்பதை அளந்துவிடுங்கள். நிலவை நோக்கி டெலஸ்கோப்பைத் திருப்பி, ஃபோகஸரில் எதையும் செருகாமல், அதை முழுக்க உள்ளே தள்ளுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை ஃபோகஸர் வாய்க்கு எதிரே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிலவின் உருவம் தாளில் கூர்மையாக விழும் இடம் ஒன்று வரும், சுமார் 6 மி.மீ அகலத்தில். அந்த இடத்துக்கும் ஃபோகஸர் வாய்க்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, 55-லிருந்து கழித்தால் உங்கள் பற்றாக்குறை தெரிந்துவிடும். இதை நிலவை வைத்து மட்டுமே செய்யுங்கள். சூரியனை நோக்கித் திருப்பினால் தாள் எரியும், கண் போய்விடும்.

பார்லோ வைத்தால் ஃபோகஸ் வருவதற்குக் காரணம், அது குவியும் இடத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான். நிலவுக்கும் கோள்களுக்கும் அது நல்ல வழி. நெபுலாவுக்கு அல்ல. குவியத்தூரம் 1300 ஆகிறது, எஃப்/5 (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) என்பது எஃப்/10 ஆகிறது, அதே வெளிச்சம் சேர நான்கு மடங்கு நேரம் வேண்டும். அந்த நான்கு மடங்கு நேரத்தை உங்கள் மவுண்டால் தாங்க முடியவில்லை.

நிரந்தரத் தீர்வு என்றால் முதன்மைக் கண்ணாடியைக் குழாய்க்குள் மேலே நகர்த்துவது. அதை 25 மி.மீ முன்னே கொண்டுவந்தால் குவியும் இடமும் 25 மி.மீ வெளியே வரும். பற்றாக்குறை சிறிதாக இருந்தால் கண்ணாடித் தாங்கியின் திருகுகளையும் ஸ்பிரிங்குகளையும் நீளமானவையாக மாற்றினாலே போதும். பெரிதாக இருந்தால் குழாயில் புதிய துளைகள் போட வேண்டியிருக்கும். அதன் பிறகு ஐபீஸில் பார்க்க ஒரு நீட்டிப்புக் குழாய் தேவைப்படும்.

இப்போது கோடுகள். என் அனுபவத்தில் இதுதான் பெரிய விஷயம், ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பூமி விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600 ஆர்க்செகண்ட்) சுழல்கிறது. உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 206.265-ஐ 4.3-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் என்று வரும். 650 மி.மீக்கு 1.36. அதாவது மோட்டார் ஓடாவிட்டால் நட்சத்திரம் ஒவ்வொரு விநாடியும் 11 பிக்சல் ஓடிவிடும். மோட்டார் ஓடினாலும் அதன் பற்சக்கரங்கள் ஒரே சீராகச் சுழலாது. அதோடு துருவச் சீரமைப்பில் உள்ள பிழையும் சேரும்.

துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்தேன் என்கிறீர்கள். அது வான துருவத்தின் மேலேயே இல்லை. சுமார் 0.65 பாகை தள்ளி இருக்கிறது. நிலவின் அகலமே அரைப் பாகைதான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சு ஒரு பாகை தவறினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 15.7 ஆர்க்செகண்ட் வரை விலகும். 0.65 பாகைக்கு நிமிடத்துக்குப் பத்து, 30 விநாடிக்கு ஐந்து. பார்லோவோடு உங்கள் பிக்சல் 0.68 ஆர்க்செகண்ட் ஆகிறது. ஐந்து ஆர்க்செகண்ட் என்பது ஏழு பிக்சல் நீளக் கோடு. நீங்கள் பார்த்த கோடுகளில் ஒரு பங்கு நிச்சயம் இதுதான்.

சரிசெய்ய எளிய வழி: துருவ நட்சத்திரத்திலிருந்து கோச்சாப் இருக்கும் திசையில் மவுண்டின் அச்சை அந்த 0.65 பாகை நகர்த்துங்கள். சிறு கரடிக் கூட்டத்தில் துருவ நட்சத்திரத்துக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரம் கோச்சாப். உண்மையான துருவம் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

மீதிப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் செய்யும் ஒரு சோதனை உண்டு. ஓரியனின் இடுப்புப் பட்டை நட்சத்திரங்களில் ஒன்றைப் பாருங்கள், அவை வான நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கின்றன. ஷட்டரைத் திறந்து, முதல் 5 விநாடி மோட்டாரை நிறுத்தி வையுங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு 60 விநாடி பொறுத்து மூடுங்கள். முதல் 5 விநாடியில் 75 ஆர்க்செகண்ட் நீளத்துக்கு ஒரு நேர்கோடு விழும். அது கிழக்கு மேற்குத் திசையைக் காட்டும். அந்தக் கோட்டின் முனையில் நட்சத்திரம் கோட்டுக்குக் குறுக்கே வழுக்கியிருந்தால் துருவச் சீரமைப்பு சரியில்லை. கோட்டின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடியிருந்தால் பற்சக்கரம். குறுக்கே போவதைத் திருத்தலாம். பற்சக்கரத்தை அந்த மவுண்டில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே என் யோசனை, இப்போதைக்கு டெலஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். கேமராவை அதன் லென்ஸோடு அதே மவுண்டின் மேல் பூட்டுங்கள். 50 மி.மீ லென்ஸில் ஒரு பிக்சல் 17.7 ஆர்க்செகண்ட். பார்லோ இல்லாத டெலஸ்கோப்பில் நான்கு பிக்சல் கோடாக விழும் ஐந்து ஆர்க்செகண்ட் பிழை, இதில் மூன்றில் ஒரு பங்கு பிக்சலுக்குள் அடங்கிவிடும். இந்தத் துறையில் முதலில் மவுண்ட், அப்புறம்தான் கண்ணாடி. நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு குளிர்காலம் ஆனது. நீங்களும் அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

குவியம்:

அச்சாணி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். குழாயில் துளை போடும் முன் நன்றாக யோசியுங்கள். கண்ணாடியை 25 மி.மீ முன்னே கொண்டுவந்தால் இரண்டாம் கண்ணாடி இருக்கும் இடத்தில் ஒளிக்கூம்பு 5 மி.மீ அகலமாகிறது, எஃப்/5 என்பதால். உங்கள் இரண்டாம் கண்ணாடி ஏற்கெனவே சிறியதாக இருந்தால் ஓரத்து ஒளி வெளியே போய்விடும். படத்தின் மூலைகள் இருட்டும். உயரம் குறைந்த ஃபோகஸர் ஒன்றைப் பொருத்தினால் கண்ணாடியைத் தொடாமலேயே பாதிப் பற்றாக்குறை தீரும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோகவும் முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபோகஸ் வந்த பிறகு மூலை நட்சத்திரங்கள் வால் முளைத்ததுபோல் தெரியும். அது கோமா, எஃப்/5 பரவளையக் கண்ணாடியின் இயல்பு. அதற்கு கோமா கரெக்டர் என்ற தனி லென்ஸ் உண்டு. பலவற்றில் கரெக்டருக்கும் சென்சாருக்கும் இடையே 55 மி.மீ இருக்க வேண்டும் என்று குறித்திருப்பார்கள். கேமராவும் டி-ரிங்கும் சேர்ந்து சரியாக அந்த 55-ஐத் தந்துவிடுகின்றன. அவசரம் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவை மாட்டிய பிறகு சமநிலையையும் மறுபடி சரிபாருங்கள். 600டி உடல் மட்டும் 570 கிராம். அதைக் குழாயின் பக்கவாட்டில் தொங்கவிட்டால், ஐபீஸுக்காக வைத்த எதிர் எடை போதாது. எடையைக் கிழக்குப் பக்கம் ஒரு துளி கூடுதலாக வைத்தால் பற்சக்கரங்கள் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும், துள்ளாது.

நள்ளிரவு:

நான் கேமரா பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) மட்டும் எடுங்கள். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. மெனுவில் நீண்ட வெளிச்சத்துக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கேமரா இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், பாதி இரவு போய்விடும். அந்த இருட்டுப் படங்களை நீங்களே கடைசியில் மொத்தமாக எடுக்கலாம். மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே குளிரில் 15 அல்லது 20 டார்க் போதும். ஃப்ளாட் (தூசியின் நிழலைத் திருத்த எடுக்கும் வெற்றுப் படம்) எடுப்பதாக இருந்தால் ஃபோகஸையும் கேமராவின் திருப்பத்தையும் மாற்றாமல், சீரான வெளிச்சம் உள்ள திரையை நோக்கி எடுங்கள். கேமராவைக் கழற்றிவிட்டால் பழைய ஃப்ளாட் பயன்படாது, ஏனென்றால் தூசியின் நிழல் இடம் மாறியிருக்கும்.

ஷட்டரைக் கையால் அழுத்தாதீர்கள். தானாக அடுத்தடுத்துப் படமெடுக்க வைக்கும் இன்டர்வெலோமீட்டர் இல்லையென்றால் 2 விநாடி டைமராவது வையுங்கள். முக்காலியின் கால்களை நீட்டாமல் குட்டையாகவே நிறுத்துங்கள்.

ஃபோகஸுக்கு லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பாருங்கள். டெலஸ்கோப்புக்குத் திரும்பும்போது ஒரு பாக்டினோவ் மாஸ்க் செய்துகொள்ளுங்கள். 2005-இல் ரஷ்யாவின் பாவெல் பாக்டினோவ் கண்டுபிடித்தது. தடித்த அட்டையில் மூன்று திசைகளில் பிளவுகள் வெட்டி டெலஸ்கோப் குழாயின் முன்வாயில் மாட்டினால் நட்சத்திரத்திலிருந்து மூன்று கதிர்கள் கிளம்பும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரியாக இடையில் வந்தால் ஃபோகஸ். அந்தக் கதிர் ஃபோகஸரைத் தொடத் தொட நகர்வதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. குளிர ஆரம்பித்ததும் உலோகக் குழாய் சுருங்கும், அதனால் மணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

துருவ நட்சத்திரம் மறைந்திருக்கும் இடங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தெற்கே உச்சிக்கோட்டில், வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நட்சத்திரத்தைக் கவனியுங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒன்று. தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. வட அரைக்கோளத்துக்கு இது. பொறுமை வேண்டும், ஆனால் பொய் சொல்லாத முறை.

எண்ணிக்கையில் கஞ்சம் பிடிக்காதீர்கள். நான்கு மடங்கு படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இரைச்சலோடு ஒப்பிடும்போது தெளிவு இரண்டு மடங்காகும். அடுக்குவதற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டுமே இலவசம்.

விண்தேடி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மூவருக்கும் நன்றி. சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்தேன்.

நிலவை வைத்துத் தாளில் அளந்தேன். ஃபோகஸர் வாயிலிருந்து 33 மி.மீ. எனக்குக் குறைவது 22 மி.மீக்குக் கொஞ்சம் மேல். மூன்று இரவுகள் என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு விரல் அகலம்தான் என்று அளவுகோலில் பார்த்தபோது மனசு லேசாகிவிட்டது.

மோட்டாரை நிறுத்தி ஓடவிடும் சோதனையையும் பார்லோவோடு செய்தேன். முதல் படத்தில் நட்சத்திரம் குறுக்கே தெளிவாக வழுக்கியிருந்தது. கோச்சாப் பக்கம் அச்சை நகர்த்திய பிறகு குறுக்கு நகர்வு மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் கோட்டின் திசையில் உள்ள ஆட்டம் அப்படியே இருக்கிறது. அச்சாணி சொன்ன பற்சக்கரம்தான்.

பிறகு 50 மி.மீ லென்ஸோடு கேமராவை மட்டும் மவுண்டில் பூட்டி, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800, ஒவ்வொன்றும் 60 விநாடி என்று 40 படங்கள் எடுத்தேன். நான்கில் மேகம் குறுக்கிட்டது, அவற்றை நீக்கிவிட்டு 36 படங்களையும் 15 டார்க்குகளையும் சிரிலில் அடுக்கினேன். ஓரியன் முழுவதும் ஒரே சட்டத்தில் வந்துவிட்டது. திருவாதிரை ஆரஞ்சு, எதிர் மூலையில் ரிகல் நீலம். நடுவில் நெபுலா சுமார் 200 பிக்சல் அகலத்தில், இளஞ்சிவப்பாக. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் மூக்கு படும் அளவுக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "இது நம்ம எடுத்ததா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இரண்டு சந்தேகங்கள். மூலைகளில் உள்ள நட்சத்திரங்கள் சிறகு விரித்ததுபோல் இருக்கின்றன, நடுவில் எல்லாம் புள்ளிகள். இது மவுண்டின் பிழையா? அடுத்து, இணையத்தில் வரும் படங்களில் நெபுலா ஆழ்ந்த சிவப்பாக இருக்கிறதே, என்னுடையது ஏன் இளஞ்சிவப்போடு நிற்கிறது?

அச்சாணி:

படிக்கும்போதே எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. 60 விநாடியில் நடுவில் புள்ளிகள் என்றால் மவுண்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. மவுண்ட் பிழை என்றால் படம் முழுவதும் ஒரே திசையில் நீண்டிருக்கும். நான்கு மூலைகளிலும் வெளிப்பக்கம் சிறகு விரிந்தால் அது லென்ஸ். எஃப்/4-க்குக் குறையுங்கள், பெருமளவு அடங்கும். வெளிச்சம் பாதியாகும், ஆகவே படங்களை இரட்டிப்பாக்குங்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் மோசமாக இருந்தால் லென்ஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம், கழற்றி மறுபடி பூட்டிப் பாருங்கள்.

சிவப்பைப் பொறுத்தவரை, அது ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரண கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பகல் படங்களில் தோலின் நிறம் இயல்பாக வருவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதற்காகவே கேனான் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ என்று வானத்துக்கான கேமராக்களை வெளியிட்டது. உங்கள் கேமராவிலும் அந்த வடிகட்டியை மாற்றலாம், ஆனால் இப்போது கை வைக்க வேண்டாம். ஓரியன் நெபுலா அவ்வளவு பிரகாசமானது, வடிகட்டியையும் மீறி உங்களுக்கு நிறம் கிடைத்திருக்கிறது.

நீங்கள் சேர்த்தது 36 நிமிட ஒளி. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை 11 அங்குல லென்ஸ் தொலைநோக்கியில் 51 நிமிடம் ஒரே தட்டில் பதிவுசெய்தார். நெபுலா ஒன்றை யாரும் படமெடுத்தது அதுவே முதல் முறை. அவரிடம் படங்களை அடுக்கும் வசதி கிடையாது. 51 நிமிடமும் மவுண்ட் தவறாமல் ஓட வேண்டியிருந்தது. உங்கள் பற்சக்கரம் ஒரு நிமிடம் ஒழுங்காக ஓடினால் போதும், மீதியை அடுக்கிக்கொள்ளலாம்.

22 மி.மீ என்பதற்கு, குவியம் சொன்னதுபோல முதலில் ஃபோகஸரைப் பாருங்கள். உங்கள் ஃபோகஸரின் உயரத்தை அடியிலிருந்து வாய் வரை அளந்து இங்கே போடுங்கள். இரண்டாம் கண்ணாடியின் குறுகிய பக்க அகலத்தையும் சேர்த்துச் சொன்னால், கண்ணாடியை நகர்த்தத்தான் வேண்டுமா என்று கணக்குப் போட்டுவிடலாம்.